திட்டுவதற்கு ஒரு ஆள்

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை, கட்டுரையாகப் பிறந்தது. இணையதளம் கட்டிக்கொள்ள உதவும் மென்பொருள்களில் ஆர்வலர்கள் கூடி நடத்துவது நல்லதா, கம்பெனி ஒன்று பின்னால் நின்று நடத்துவது நல்லதா என்று ஒரு பத்திரிகை என்னிடம் கேட்டிருந்தது. நானும் பக்கத்தின் நடுவில் கோடு போட்டு, இந்தப் பக்கம் இதன் நன்மை, அந்தப் பக்கம் அதன் நன்மை என்று சமர்த்தாக எழுதிக்கொண்டு போனேன். என் வீட்டுக்காரர் படித்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி, இதுல மனுஷங்களே இல்லையே" என்றார்.

"மென்பொருளைப் பத்தின கட்டுரைல மனுஷங்க எதுக்கு?"

"அப்ப யாரு படிப்பா?"

கோபம் வந்தது. நியாயமான கேள்விகளுக்குத்தான் எனக்கு அதிகம் கோபம் வரும். கட்டுரையைக் கிடப்பில் போட்டுவிட்டு அன்று மதியமே கதையைத் தொடங்கினேன். தொடங்கிய லட்சணத்தை மறைக்காமல் கீழே தருகிறேன்.

"இரவு இரண்டு மணி. அந்த அறையில் கணினித் திரை மட்டும் —"

(நிறுத்தினேன். கணினி வேலை பார்க்கிறவர்கள் பகலிலும் பார்க்கிறார்கள். கதைக்குக் கதை அவர்களைத் தூங்கவிடாமல் உட்காரவைப்பது பாவம்.)

"ஒரு கம்பெனி இருந்தது. அதற்குப் பேராசை —"

(இதுவும் வேண்டாம். எனக்குத் தெரிந்த கம்பெனி ஆட்களில் வில்லன் வேஷத்துக்கு ஒருவர்கூடத் தேறமாட்டார்.)

"கண்ணாடிக்கடையில் மதியம் கூட்டம் இல்லை."

இது பரவாயில்லை என்று தோன்றியது. கடை என்று ஒன்று இருந்தால் உள்ளே யாராவது இருந்துதானே ஆக வேண்டும்?

உள்ளே போவதற்கு முன் ஒரு சின்ன விளக்கம். கட்டுரையிலிருந்து நான் காப்பாற்றிக் கொண்டுவந்த பத்தி இது ஒன்றுதான். பந்தல் என்று ஒரு மென்பொருள். கடைக்கோ பள்ளிக்கோ சங்கத்துக்கோ இணையதளம் வேண்டுமென்றால் இதை எடுத்து நிறுவிக்கொண்டு நீங்களே எழுதலாம், படம் போடலாம். திறமூலம், அதாவது உள்ளே எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம். பெயருக்கேற்றபடி கால் நட ஒருவர், கயிறு கட்ட ஒருவர் என்று முகம் தெரியாத பலர் கூடிப் போட்டது. சில வருடங்களுக்கு முன் ஒரு கம்பெனி அதில் ஒரு பிரதியை எடுத்து, சம்பளத்துக்கு ஆள் வைத்துத் தனியாக வளர்க்கத் தொடங்கியது. அதற்கு அந்த உரிமை உண்டு, அதுவும் திறமூலமாகவே இருக்கிறது. அன்றிலிருந்து இது ஊர்ப் பந்தல், அது கம்பெனிப் பந்தல். விளக்கம் அவ்வளவுதான்.

2.

ஊர்ப் பந்தலின் தமிழைக் கவனித்துக்கொள்கிறவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரி என்று எழுதியதும் எனக்கே சந்தேகம் வந்தது. வாசகர் நம்புவாரா? அவளைக் கோடிட்டு அடித்துவிட்டுத் தலை கலைந்த ஓர் இளைஞனைப் போட்டுப் பார்த்தேன். அவன் வந்து உட்கார்ந்தானோ இல்லையோ, மறுபடியும் இரவு இரண்டு மணி ஆகிவிட்டது. அவனை அனுப்பிவிட்டு இவளையே திரும்பக் கூப்பிட்டேன். கடையின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்து, "முடிவு பண்ணிட்டீங்களா, இல்ல இன்னும் ரெண்டு பேரைப் பாக்கணுமா?" என்றாள்.

முடிவு பண்ணிவிட்டேன். இவள்தான் அண்ணி.*

* இவளை அண்ணி என்று கூப்பிட உரிமையுள்ளவன் உலகத்தில் ஒரே ஒருவன், இவளுடைய கொழுந்தன். அண்ணியும் கொழுந்தனும் ஒரே சமயத்தில் ஊர்ப் பந்தலில் சேர்ந்தார்கள். ஆர்வலர்கள் பேசிக்கொள்ளும் இணைய மன்றத்தில், எல்லாரும் பார்க்க அவன் "அண்ணி, இந்த வார்த்தை சரியா?" என்று எழுதிவிட்டான். அதோடு சரி. அவளைவிட வயதில் மூத்தவர்கள், வேற்று மொழிக்காரர்கள், உறவுமுறை என்றால் என்னவென்றே தெரியாத வெள்ளைக்காரர்கள் எல்லாருக்கும் அவள் அண்ணி ஆகிவிட்டாள். கொழுந்தன் பிறகு கம்பெனிப் பந்தலில் வேலைக்குப் போய்விட்டான். அங்கே தமிழுக்கு அவன்தான் பொறுப்பு. இருவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள், அவன் மாடியில்.

கடை குறுகலானது. இரண்டு பக்கச் சுவரிலும் ஃபிரேம்கள், முகம் பார்க்க ஒரு கண்ணாடி, கோடியில் பார்வை சோதிக்கும் எழுத்துப் பலகை. திரைக்குப் பின்னால் லென்ஸைத் தேய்க்கும் இயந்திரம் தண்ணீரைத் தெறித்துக்கொண்டே ஓடும். பில் போடுகிற கணினியில்தான் அண்ணி பந்தல் வேலையும் பார்ப்பாள். பந்தல் நம்மிடம் பேசுகிற ஒவ்வொரு சொல்லையும், 'சேமி', 'நீக்கு', 'முன்னோட்டம்' என்று, தமிழில் ஆக்கித் தருவது அவள் வேலை. யாரும் சம்பளம் தருவதில்லை, யாரும் ஏவவும் இல்லை. பவர் பார்க்க லென்ஸ் மாற்றி மாற்றிப் போடும் பரிசோதனை ஃபிரேமை மூக்கில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம் நாள் முழுக்க, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்டுப் பழகியவள், சொற்களிடமும் அதையே கேட்டாள்.

ஊர்ப் பந்தலில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் எழுதினால் இன்னொருவர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். அண்ணிக்கு அந்த இன்னொருவர், எங்கோ தொலைவில் லாரி புக்கிங் ஆபீஸ் நடத்தும் ஒரு பெரியவர். மன்றத்தில் அவர் பெயர் 'இலக்கணம்'. ஒற்று விடுபட்டால் அவருக்கு அன்று சாப்பாடு இறங்காது.

3.

இனி பிழை. இந்தப் பிழையைத் தமிழர்கள்தான் செய்ய முடியும் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

எழுதி முடித்ததை உலகம் பார்க்கும்படி விடும் பொத்தானுக்குப் பந்தலில் 'வெளியிடு' என்று பெயர். வேலையை முடித்துக்கொண்டு கிளம்பும் பொத்தானுக்கு 'வெளியேறு' என்று பெயர். பின்னதைப் பற்றி மன்றத்தில் பெரிய ரகளையே நடந்திருக்கிறது. "வெளியேறுன்னா கழுத்தைப் பிடிச்சுத் தள்ற மாதிரி இருக்கு" என்றார் ஒருவர். 'புறப்படு' என்றார் இன்னொருவர். 'விடுபதிகை' என்று ஒரு சொல் வந்தது, அதைக் கண்டு இரண்டு பேர் மன்றத்தை விட்டே புறப்பட்டார்கள். கடைசியில் எல்லாரும் களைத்துப்போய், இருப்பதே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

புதிய பதிப்பு வந்தபோது மூலத்தில் வரிகளின் வரிசை மாறியிருந்தது. அண்ணி சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து இடம் மாற்றி வைத்தாள். அப்போது கடைக்குள் ஒருவர் வந்தார். அவரை உட்காரவைத்து ஃபிரேமை மாட்டிவிட்டுத் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். விட்ட இடம் ஒரு வரி தள்ளி இருந்தது. இலக்கணம் வரிக்கு வரி பார்த்தார். 'வெளியிடு', எழுத்துப்பிழை இல்லை. 'வெளியேறு', எழுத்துப்பிழை இல்லை. ஒப்புதல் தந்தார்.

இரண்டும் சரியான சொற்கள்தான், ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்கார்ந்திருந்தது என்பதைத் தவிர. அதற்குப் பிறகு கிளம்புகிறவர்கள் 'வெளியேறு' என்பதை அழுத்தினால் எழுதியது ஊருக்கெல்லாம் தெரிந்தது.

[இந்த இடத்தில், மூடப் போவதாக அறிவிப்பு எழுதி எழுதி வெளியிடாமல் வைத்திருந்த ஒரு ரொட்டிக்கடைக்காரரின் கதையை எழுதினேன். பிழையால் அறிவிப்பு வெளியாகிவிட, மக்கள் கூட்டம் கூட்டமாக வந்து கடையைக் காப்பாற்றுகிறார்கள். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அதனாலேயே சந்தேகப்பட்டு அடித்துவிட்டேன். பிழைகள் அவ்வளவு நல்லவை அல்ல.]

நடந்தது இது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தும் ஒரு அம்மாள், எல்லாருக்கும் மாஸ்டரம்மா, தன் பள்ளியின் தளத்தை ஊர்ப் பந்தலில் வைத்திருந்தார். ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் மாணவர்களைப் பற்றித் தனக்கு மட்டும் வரைவாகக் குறிப்பு எழுதிவிட்டு வெளியேறுவார். அன்றும் வெளியேறினார். ஒரு வங்கி மேலாளரைப் பற்றி, "ஹாரன் நன்றாக அடிக்கிறார். வேறு எதுவும் தெரியவில்லை." கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பையனைப் பற்றி, "இடது, வலது தெரியாது. கேட்டால் அம்மாவுக்கு ஃபோன் செய்கிறான்." ஒரு பெண்ணைப் பற்றி, "கை சரி, கால் சரி, பயம் மட்டும் வீட்டில் யாரோ போட்டது."

மறுநாள் காலை பயிற்சி வண்டி காலியாக நின்றது.

4.

மாஸ்டரம்மாவுக்கு முதலில் தேவைப்பட்டது தீர்வு அல்ல, திட்டுவதற்கு ஒரு ஆள். இதைக் கட்டுரையில் நான் எங்கேயுமே எழுதவில்லை என்பதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஊர்ப் பந்தலின் தளத்தில் மன்றம் இருந்தது, ஆவணங்கள் இருந்தன, பங்களிப்பது எப்படி என்று அழகான பக்கம் இருந்தது. ஃபோன் நம்பர் இல்லை. அவர் தேடத் தேட, பந்தல் என்ற பெயரில் ஒரு நம்பர் அகப்பட்டது. கம்பெனியுடையது.

எடுத்தவன் கொழுந்தன்.

அவர் பேசத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே, இது தங்கள் பந்தல் இல்லை என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. 'அம்மா, அது நாங்க இல்ல' என்று ஒரு வரி சொன்னால் போதும். சொல்லவில்லை. முழுத் திட்டையும் வாங்கிக்கொண்டான். அவர் ஓய்ந்ததும், அந்தக் குறிப்புகளை மறைப்பது எப்படி என்று படிப்படியாகச் சொல்லிக்கொடுத்து, மறைந்துவிட்டது என்று அவர் சொல்லும் வரைக்கும் லைனிலேயே இருந்தான். அவரை வாடிக்கையாளராகப் பிடிப்பதற்காகவும் இல்லை. எங்கள் பந்தலுக்கு மாறுங்கள் என்று ஒரு வார்த்தை அவன் சொல்லவில்லை.

(ஏன் அப்படிச் செய்தான் என்பதற்கு மூன்று காரணங்கள் எழுதினேன். மூன்றும் அவனை மகாத்மா ஆக்கின. அடித்துவிட்டு அவனையே பேசவிடுகிறேன்.)

"அண்ணி, உங்க திட்டை நான் வாங்கிட்டேன்" என்றான், கடைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு. நடந்ததைச் சொன்னான்.

அண்ணிக்கு முகம் சிவந்துவிட்டது. "ராங் நம்பர்னு சொல்லியிருக்கலாம்ல?"

"அந்தம்மா அழுதுக்கிட்டே திட்டினாங்க. நடுவுல போய் ராங் நம்பர்னு எப்படி சொல்றது?"

அண்ணி கணினியைத் திறந்தாள். இரண்டு வரிகளும் அங்கே இருந்தன, அவளுடைய பெயரோடு. திருத்தி அனுப்பிவிட்டு, இலக்கணத்துக்கும் தகவல் சொல்லிவிட்டு, சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள்.

"அது என் திட்டுடா. நீ எப்படி வாங்கலாம்?"

"வாங்கினதைத் திருப்பிக் குடுக்க முடியாது அண்ணி."

"அவங்க அட்ரஸைக் குடு."

5.

மாஸ்டரம்மா அவளை வண்டியில் ஏறச் சொன்னார். கற்றுக்கொள்கிறவர் உட்காரும் இருக்கையில். அண்ணிக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தான் யார், என்ன தப்பு நடந்தது, எப்படி நடந்தது என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். பிறகு திட்டுக்காகக் காத்திருந்தாள்.

"நான் நேத்தே திட்டித் தீத்துட்டேனேம்மா" என்றார் மாஸ்டரம்மா. "அந்தத் தம்பி பாவம், ஒரு வார்த்தை எதுத்துப் பேசல."

"அவன் எங்க ஆளே இல்லைங்க. அவன் வேற கம்பெனி."

"அப்புறம் எதுக்கு வாங்கிக்கிட்டான்?"

"தெரியலைங்க. என் கொழுந்தன்."

மாஸ்டரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப உன் பங்கு பாக்கி இருக்குன்னு சொல்லு."

"அதுக்குத்தாங்க வந்தேன்."

அண்ணியே பிறகு என்னிடம் சொன்னாள், வாழ்க்கையில் அவ்வளவு தரமான திட்டு வாங்கியதில்லையாம். ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. அந்தப் பயந்த பெண்ணைப் பற்றித்தான் அதிகம் சொன்னார். "மத்தவங்க போனா போறாங்க. அந்தப் பொண்ணு இப்பத்தான் ரெண்டாவது கியருக்கு வந்தா. இனிமே வண்டிப் பக்கமே வரமாட்டா. அதுக்கு என்ன பண்ணப் போற?" அண்ணி அழுதுவிட்டாள்.

[மாஸ்டரம்மா இங்கே அவளை மன்னித்தார் என்று எழுதினேன். அவர் மன்னிக்கவில்லை. அடித்துவிட்டேன்.]

"என் காலுக்குக் கீழ பாரு" என்றார் மாஸ்டரம்மா. அவர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருந்தது. "கத்துக்கறவங்க தப்பு பண்ணத்தான் செய்வாங்க. நான் அழுத்தினா நிக்கும். உங்க சாமான்ல பிரேக் யாரு காலுக்குக் கீழ இருக்கு? யாரைக் கூப்பிட்டா நிக்கும்?"

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதை எங்க மன்றத்துல எழுதுங்க" என்றாள். "எல்லாரும் பாக்கட்டும்." அங்கேயே, வண்டிக்குள்ளேயே, அவருக்கு மன்றத்தில் கணக்குத் தொடங்கிக் கொடுத்தாள். எழுதும்போது ஓரிடத்தில் அவர் தடுமாற, இவளே சரியான சொல்லையும் எடுத்துக் கொடுத்தாள். தனக்கு எதிரான புகாருக்கு!

6.

புகார் பலமாகவே வேலை செய்தது. ஊர்ப் பந்தலுக்கு எல்லா மொழிக்காரர்களும் சேர்ந்த ஒருங்கிணைப்புக் குழு ஒன்று இருக்கிறது. மரியாதையான ஆட்கள். அவர்கள் மரியாதையாகவே எழுதினார்கள். தமிழில் ஒரு பிழை வந்தால் வருடம் முழுக்க எந்த நாளும் கூப்பிட ஒரு ஆள் இருக்க வேண்டும். அடுத்த பதிப்புக்குள் அதற்கு ஏற்பாடு இல்லையென்றால், கம்பெனிப் பந்தலின் தமிழ் தயாராக இருக்கிறது, அதை அப்படியே எடுத்துக்கொள்வோம், இங்குள்ள தமிழ்க் குழு ஓய்வு எடுத்துக்கொள்ளலாம்.

"உங்க தலைல நீங்களே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டீங்க" என்றான் கொழுந்தன். சாப்பாட்டு மேசையில் மூன்று பேர். அண்ணியின் கணவர் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும் மனைவிகள் உண்டு. மனைவிக்கும் தம்பிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர் அவர்.

"எங்க தமிழையே எடுத்துக்கோங்க அண்ணி. பாதி உங்க வார்த்தைதான். நான் பாத்துக்கறேன்."

"உன்னைப் பத்தி பயம் இல்லடா. நாளைக்கு உங்க ஆபீஸ்ல கணக்குப் பாத்து, தமிழ் வேணாம்னு சொல்லிட்டா?"

கொழுந்தனுக்கு அது தெரியாததல்ல. போன வருடம் கம்பெனி இரண்டு சின்ன மொழிகளை நிறுத்தியது. யார்மேலும் தப்பில்லை, வாடிக்கையாளர்களே இல்லை. வருத்தம் தெரிவித்து மடல் எழுதும் வேலை அவன் தலையில்தான் விழுந்தது. எழுதி அனுப்பிவிட்டு, அந்த இரண்டு மொழிகளின் கோப்புகளையும் அவனே ஊர்ப் பந்தலுக்கு அனுப்பி, 'பார்த்துக்கொள்ளுங்கள்' என்று ஒரு வரி எழுதினான். இன்று அவை அங்கே உயிரோடு இருக்கின்றன. ஒன்றைப் பார்த்துக்கொள்வது ஒரே ஒரு நர்ஸ்.

"இங்க ஆளெல்லாம் கலைஞ்சு போனப்புறம் அப்படி ஒண்ணு நடந்தா, அப்ப அதை வாங்கி வச்சுக்க யாரு இருப்பா?" என்றாள் அண்ணி. "படிப்பு அப்பா சொன்னது. கடை மாமனார் குடுத்தது. யாரும் சொல்லாம நானா செஞ்சது இது ஒண்ணுதான்."

அவள் கணவர் தட்டிலிருந்து நிமிர்ந்தார். குழம்பை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

(கட்டுரைக்காரி ஒரு நிமிடம் உள்ளே வருகிறாள், பொறுத்துக்கொள்ளுங்கள். கம்பெனியில் எனக்குப் பிடித்தது, ஃபோன் அடித்தால் எடுக்கிறார்கள். எடுக்கிறவனுக்கு மாதம் பிறந்தால் வீட்டு வாடகைக் கவலை இல்லை, அதனால் அவனால் அழுகிறவர்களிடம் பொறுமையாக இருக்க முடிகிறது. இதை இளக்காரமாகப் பேசுகிறவர்கள் சம்பளமில்லாமல் ஒரு நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும். ஊர்ப் பந்தலில் எனக்குப் பிடித்தது, புகார் சொல்ல வந்தவருக்கும் உள்ளே ஒரு இடம் போட்டுவிடுகிறார்கள். இரண்டையும் நான் மனதாரப் பாராட்டுகிறேன். நடுக்கோடு போட்ட என் பழைய பக்கத்தில் இப்படி எழுதத் தோன்றவில்லை.)

7.

அண்ணி மன்றத்தில் எழுதியது நீளமில்லை. "கம்பெனியில் சம்பளத்துக்கு ஒருவர் திட்டு வாங்குகிறார். நம்மிடம் சம்பளம் இல்லை, ஆட்கள் இருக்கிறோம். முறை வைத்து வாங்குவோம். வாரத்துக்கு ஒருவர், தளத்தில் போடும் நம்பர் அந்த வாரம் அவருக்குத் திரும்பும். ஒருவருக்கு வருடத்தில் ஒரே வாரம். ஒரே ஆள் தலையில் எல்லாம் விழக்கூடாது. முதல் வாரம் நான்."

முதல் பதில் இலக்கணத்திடமிருந்து வந்தது. "ஓட்டுநர், நடத்துநர் என்பதுபோல் 'திட்டுவாங்குநர்' என்று வைக்கலாமா?" அதற்குக் கீழே இருபது பேர் சொல்லாக்க விவாதத்தில் குதித்துவிட்டார்கள். அண்ணி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "முதல்ல பேரைக் குடுங்க, அப்புறம் பேரு வைங்க" என்று எழுதினாள்.

பெயர்கள் வந்தன. இலக்கணம் இரண்டாவது வாரத்தை எடுத்துக்கொண்டார். அந்தப் பிழைக்கு நானும்தான் ஒப்புதல் தந்தேன் என்று எழுதியிருந்தார், முதல் தடவையாக ஒரு ஒற்றை விட்டுவிட்டு. ஒரு கல்லூரி விடுதியே சேர்ந்து ஒரு மாதத்தை எடுத்தது. ஒரு தீயணைப்பு வீரர் எழுதினார்: "எப்படியும் ஃபோன் பக்கத்துலதான் உக்காந்திருக்கேன்."

கொழுந்தன் அலுவலகத்தில் தன் மேலதிகாரியிடம் போய் நின்றான். லீவு நாளில் போட்டிக்காரனுக்காகத் திட்டு வாங்கலாமா என்று இதுவரை யாரும் அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள். அவர், "லீவு உன்னோடது, காது உன்னோடது" என்றாராம். தீபாவளியா பொங்கலா எதற்கென்று சேர்த்து வைத்திருந்தானோ, அந்த லீவில் ஒரு வாரத்தைப் பட்டியலில் எழுதினான். அண்ணி அதைத் திரையில் பார்த்துவிட்டு மாடிக்குப் போய் அவன் கதவைத் தட்டினாள். திறந்ததும், "துணியெல்லாம் மழைல நனையுது, எடுத்துப் போடு" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தாள்.

மாஸ்டரம்மாவின் பெயரும் வந்தது. "எனக்குத் திட்டத்தான் தெரியும். வாங்கியும் பார்க்கிறேன்" என்று எழுதியிருந்தார். கூடவே ஒரு யோசனை: "தினமும் வேலையை முடித்ததும் 'வெளியேறு' என்று என்னை விரட்டுகிறீர்களே, நாமெல்லாம் வீட்டை விட்டுக் கிளம்பும்போது அப்படியா சொல்லிக்கொள்கிறோம்? 'போயிட்டு வரேன்' என்று வையுங்கள். அதைப் போய் யாரும் 'வெளியிடு'வோடு குழப்பிக்கொள்ள மாட்டார்கள்." மன்றத்தில் ஒருவரும் சண்டைக்கு வரவில்லை. இத்தனை காலம் இத்தனை பேர் அடித்துக்கொண்ட கேள்வி. பிறகு இலக்கணம் மட்டும், எழுத்து வழக்கில் 'போய் வருகிறேன்' என்று இருக்க வேண்டும் என்று ஒரு திருத்தம் சொல்லி ஒப்புதல் தந்தார். பந்தலில் கிளம்புகிறவர்கள் இப்போது அப்படித்தான் கிளம்புகிறார்கள்.

பயந்த அந்தப் பெண் திரும்ப வந்தாளா என்று கேட்காதீர்கள். வரவில்லை. எழுதிப் பார்த்தேன், வரமாட்டேன் என்கிறாள்.

8.

பட்டியல் நிரம்பியது, ஒரு வாரத்தைத் தவிர. குழு கண்டிப்பாகச் சொல்லியிருந்தது, எந்த நாளும் ஆள் இல்லாமல் இருக்கக்கூடாது. ஒரு வாரம் காலியென்றாலும் ஏற்பாடு இல்லை என்றுதான் பொருள், கம்பெனியின் தமிழ் உள்ளே வந்துவிடும். ஆகவே கதை இப்போது அந்த ஒரு கட்டத்தில் நிற்கிறது. நிரப்பிவிட்டுப் படுக்கப் போகலாம் என்று உட்கார்ந்தேன்.

அண்ணியையே இரண்டாவது முறை போட்டேன். அவள் மறுத்துவிட்டாள். "ஒருத்தருக்கு ஒரு வாரம்னு நான்தானே எழுதினேன்? எல்லாத்தையும் ஒருத்தி தலைல போட்டா அது சம்பளம் குடுக்காத கம்பெனி."

அவள் கணவரைப் போட்டேன். அவர் அன்பு எனக்குத் தெரியும். ஆனால், "எனக்கு வெளியிடு, வெளியேறு எல்லாம் ஒண்ணுதான், என்னை விட்டுடுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். தவிர, திட்டினால் அவர் திருப்பித் திட்டக்கூடியவர்.

கம்பெனி மேலதிகாரி திடீரென்று மனமுருகி முன்வருவதாக ஒரு பத்தி எழுதினேன். எழுதி முடித்ததும் பின்னணி இசை கேட்பதுபோல் இருந்தது. அடித்துவிட்டேன்.

நான் இருக்கிறேனே என்கிறீர்களா? நான் ஏற்கெனவே ஒரு வாரம் எடுத்து முடித்துவிட்டேன். ஒரு தையல் கடைக்காரர் என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். அவர் சொன்னது முழுக்க நியாயம். தப்பு என்னுடையது இல்லை, ஆனாலும் சொல்லி முடித்து அவர் மூச்சுவிட்டபோது எனக்கு ஏனோ நிம்மதியாக இருந்தது.

அந்தக் காலி வாரம் இப்போது வந்துவிட்டது. மதியம். கண்ணாடிக்கடையில் ஒருவர் பரிசோதனை ஃபிரேமோடு உட்கார்ந்திருக்கிறார். அண்ணி லென்ஸை மாற்றிப் போட்டுவிட்டு, கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் நிற்கிறாள். அவள் ஃபோன் அடிக்காது, முறைப்படி அது வேறொருவருக்குத்தான் போகும். யாருக்கு என்று அவளுக்குத் தெரியாது. மாடி வீட்டில் கொழுந்தனும் வேலையை நிறுத்திவிட்டு மன்றத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

எனக்குத் தெரிந்த ஆட்களெல்லாம் தீர்ந்துவிட்டார்கள். மீதி இருப்பது நீங்கள். இந்த மென்பொருளை நீங்கள் எழுதவில்லை, இந்தக் கதையையும் எழுதவில்லை, பந்தல் என்ற பெயரையே இன்றைக்குத்தான் கேள்விப்பட்டிருப்பீர்கள். இருந்தாலும் அந்த வாரத்து நம்பரை உங்கள் பக்கம் திருப்பி வைத்துவிட்டேன். கேட்காமல் செய்ததற்குக் கோபம் இருந்தால் என்னைத் திட்டுங்கள், அதையும் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அடிக்கிறது. யாரோ எங்கோ எதையோ இழந்துவிட்டுக் கூப்பிடுகிறார்கள். "யாரு பேசறது?" என்றுதான் முதலில் கேட்பார்கள். பேரெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. "பந்தல்லேருந்து பேசறோம், சொல்லுங்க" என்றால் போதும்.